விதிகளோடு மல்லுக்கட்டிய மேசை

ஒரு வீரன் ஓடிப்போய் ஒரு கொள்ளையனை இடுப்போடு சேர்த்துப் பிடித்து அமுக்குகிறான். கதையாகச் சொன்னால் ஒரே வாக்கியம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் இந்த ஒரு வாக்கியம் ஐம்பது ஆண்டுகளாக ஆட்டம் நடத்துகிறவர்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. வாள் வீசவும் அம்பு எய்யவும் எல்லோருக்கும் விதி தெரியும். "நான் அவனைப் பிடித்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் சொன்னதும் மேசையில் புத்தகம் புரட்டும் சத்தம் தொடங்கிவிடும். இந்த விளையாட்டின் விதிகள் எப்படிப் பெருத்தன, அவற்றை நடத்துபவர் எப்படிச் சமாளித்தார் என்பதில் பெரும்பகுதியை அந்த ஒரு பிடியை வைத்தே சொல்லிவிடலாம்.

விளையாடிப் பார்க்காதவர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்கிறார்கள். ஒருவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். உலகத்தை விவரித்து, அதிலுள்ள பூதம், கொள்ளையன், கடைக்காரன் அத்தனை பேருக்காகவும் பேசுபவர் அவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, தாங்கள் செய்ய நினைப்பதை வாயால் சொல்வார்கள். நடந்ததா இல்லையா என்பதைப் பகடையும் விதியும் டி.எம்.மின் தீர்ப்பும் சேர்ந்து முடிவு செய்யும். தாயக்கட்டத்தில் எதிராளியின் காயை வெட்டாமல் பழம் ஏறலாமா கூடாதா என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஆட்டம் தொடங்கும் முன் பேசிக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. இந்த விளையாட்டில் அப்படிப் பேசிக்கொள்ள வேண்டியவை நூற்றுக்கணக்கில் உண்டு, எது எப்போது கிளம்பும் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. ஏனென்றால் ஆடுபவர் எதை வேண்டுமானாலும் செய்ய முயலலாம். அதுதான் இந்த விளையாட்டின் உயிர். டி.எம்.மின் தலைவலியும் அங்கேதான் பிறக்கிறது.

1974 தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதியது. விலை 10 டாலர். முதல் அச்சில் 1,000 பிரதிகள். உள்ளே மூன்று மெல்லிய புத்தகங்கள். இன்று அவற்றை எடுத்துப் படிப்பவருக்கு முதலில் தோன்றுவது, விதிகள் சிக்கலாக இருக்கின்றன என்பதைவிட, பாதி விதிகளைக் காணவில்லையே என்பதுதான். சண்டைக்கு 1971இல் வந்த செயின்மெயில் என்ற வேறொரு போர் விளையாட்டுப் புத்தகம் கையில் இருப்பதாகவே நூல் எடுத்துக்கொள்கிறது. காட்டில் பயணம் போக, இன்னொரு நிறுவனம் விற்ற அவுட்டோர் சர்வைவல் என்ற ஆட்டத்தின் பலகை வேண்டும். 20 பக்கப் பகடையை உருட்டும் முறை 'மாற்று வழி' என்ற பெயரில்தான் இடம்பெற்றது. எல்லோரும் ஆடியது அந்த மாற்று வழியைத்தான். சண்டையில் யார் முதலில் அடிப்பது என்பதற்குக்கூடத் தெளிவான பதில் இல்லை.

மல்லுக்கட்டுக்கு? அடுத்த ஆண்டு, கைகாக்ஸின் டி.எஸ்.ஆர். நிறுவனம் நடத்திய சிற்றிதழில் வாசகர் ஐயங்களுக்கு விளக்கம் வந்தது. ஒரு நாயகன்மேல் ஓர்க் என்ற பூதங்கள் கூட்டமாகப் பாய்ந்து பிடிப்பது அதிலிருந்த எடுத்துக்காட்டு. தாக்குதலில் வென்ற ஓர்க்குகள் ஆளுக்கொரு பகடை உருட்ட வேண்டும், நாயகன் தன் தகுதிக்கேற்ற பகடைகளை உருட்ட வேண்டும், கூட்டுத்தொகை எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் வென்றது. இரண்டு மூன்று வரிகளில் முடிந்துபோகும் தீர்ப்பு. அழகான தீர்ப்பு என்றுதான் எனக்குப் படுகிறது. அது பெட்டியில் இல்லை என்பதுதான் சிக்கல்.

இந்த இடைவெளிகளைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. எழுதியவர்கள் போர் விளையாட்டு மரபிலிருந்து வந்தவர்கள், அந்த மரபில் நடுவருக்கு மேல் விதி கிடையாது. பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வடிவமைத்த கிரீக்ஸ்பீல் என்ற போர்ப் பயிற்சி ஆட்டத்தில் வரைபடம், பகடை, இழப்புக் கணக்கு அட்டவணை எல்லாம் இருந்தன. அவற்றைப் பார்த்துப் பார்த்தே நடுவர்கள் களைத்துப்போனார்கள். 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி, அனுபவமுள்ள அதிகாரி ஒருவரை நடுவராக வைத்தால் அட்டவணையே வேண்டாம், அவர் வாய்ச்சொல்லே போதும் என்று ஒரு நூல் எழுதினார். நாலே ஆண்டுகளில் அதே போர் ஆட்ட மரபில் அமெரிக்கர் டாட்டன் ஸ்ட்ரேட்டகாஸ் என்ற நூலை வெளியிட்டார். ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் அதைப் படித்துவிட்டு, எதையும் முயலலாம், நடுவர் தீர்ப்புச் சொல்வார் என்ற அடிப்படையில் 1969இல் பிரான்ஸ்டைன் என்ற ஆட்டத்தை நடத்தினார். அதில் கலந்துகொண்டவர்களில் ஒருவர் ஆர்னெசன். ஆக, விதி தடித்து நடுவர் சோர்வதும், பிறகு விதியைக் கழற்றி நடுவர் தலையில் வைப்பதும் ஏற்கெனவே ஒருமுறை நடந்து முடிந்த கதை.

ஆனால் வெர்டி நம்பியது போர்க்களம் கண்ட அதிகாரியை. 1970களில் பெட்டியை வாங்கியவர்களில் பலர் கல்லூரி மாணவர்கள், பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் ஊருக்கு ஊர் தங்கள் மனப்படி விதிகளின் இடைவெளிகளை இட்டு நிரப்பினார்கள். அரிசோனாவில் கென் செயிண்ட் ஆண்ட்ரே, படித்தும் பிடிபடாத விதிகளை ஒதுக்கிவிட்டு, 1975இல் டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ் என்று சொந்தமாகவே ஒன்றை எழுதிவிட்டார். வீட்டில் கிடந்த ஆறு பக்கப் பகடையே போதும் என்பது அதன் பெரிய வசதி. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் லீ கோல்ட் தொடங்கிய அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ் என்ற சுற்றிதழில், ஒவ்வொரு மேசையும் தன் வீட்டு விதிகளைத் தட்டச்சு செய்து அனுப்பியது. என் கண்ணில் இந்த விளையாட்டு வரலாற்றின் மிகச் செழிப்பான பக்கங்கள் அவை. ஒரே பெயரில் ஊருக்கொரு விளையாட்டு நடந்தது. ஒரு மேசையில் பழகியவர் அடுத்த ஊர் மேசையில் போய் உட்கார்ந்தால் முதல் ஒரு மணி நேரம் திகைத்துத்தான் போவார்.

மாநாடுகளில் போட்டி நடத்த அந்தத் திகைப்பு ஒத்துவராது. பத்து மேசையிலும் ஒரே தீர்ப்பு வேண்டும். விளையாட்டு ஊருக்கு ஊர் சிதறுவதும் கைகாக்ஸுக்குப் பிடிக்கவில்லை. அதனால் அட்வான்ஸ்டு என்ற அடைமொழியோடு கெட்டி அட்டைப் புத்தகங்கள் வந்தன. 1977இல் பூதங்களுக்கு ஒன்று, 1978இல் ஆடுபவருக்கு ஒன்று, 1979இல் டி.எம்.முக்கு ஒன்று. இருநூறு பக்கங்களைத் தாண்டிய அந்த மூன்றாவது புத்தகம் பொடி எழுத்தில் ஒரு பெருங்கடல்.

இந்தப் புத்தகங்களின்படி ஒரு சண்டைச் சுற்று என்பது ஒரு நிமிடம். அதைப் பத்தாகப் பிரித்தால் ஆறு நொடிக் கூறுகள். மந்திரம் சொல்ல இத்தனை கூறு, ஆயுதத்துக்கு இத்தனை வேக எண், இன்ன ஆயுதம் இன்ன கவசத்தின்மேல் பட்டால் இத்தனை கூட்டு அல்லது கழி. தாக்குதல் பட்டதா என்பதற்கு வீரன், மந்திரவாதி என்று பாத்திர வகை வாரியாக அட்டவணை. இந்தத் தாக்குதல் அட்டவணைகளை ஆடுபவர் புத்தகத்தில் போடவில்லை, டி.எம். புத்தகத்தில் மட்டுமே வைத்தார்கள். ஆடுபவர் அதைப் படிக்கக் கூடாது என்று கைகாக்ஸ் முன்னுரையில் கண்டிப்பாகவே எழுதினார். விதி என்பது திரைக்குப் பின்னால் இருக்கும் ரகசியம் என்ற எண்ணம். அதில் ஒரு கவர்ச்சி உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். தெரியாத உலகத்தில் தெரியாத விதியோடு நடப்பது பயத்தை உண்மையாக்கும். ஆனால் அதன் விலையை ஒரே ஆள் கொடுத்தார். அத்தனை கணக்கும் டி.எம். தலையில். பக்கத்தில் இருப்பவர் கைகொடுக்கவும் வழியில்லை.

மல்லுக்கட்டு இந்தப் புத்தகத்தில்தான் புகழ்பெற்றது. குத்துவதற்கு ஒரு முறை, பிடிப்பதற்கு ஒரு முறை, மேலே விழுந்து அமுக்குவதற்கு ஒரு முறை. எதிரியின் கவசத்திலிருந்து ஒரு சதவீதம் எடுத்து, நிலைமைக்கேற்பக் கூட்டிக் கழித்து, நூற்றுக்கு உருட்டிப் பிடி கிடைத்ததா என்று பார்க்க வேண்டும். கிடைத்தால் வலிமை, உயரம், எடை என்று இன்னொரு கூட்டல் கழித்தலோடு மறுபடி உருட்டி, கைப்பூட்டா, கரடிப் பிடியா, கழுத்து நெரிப்பா என்று அட்டவணையில் தேட வேண்டும். கொள்ளையன் ஒருவனை அமுக்கி முடிப்பதற்குள் மற்றவர்கள் தேநீர் குடித்துவிட்டு வந்துவிடலாம். 1985இல் டி.எஸ்.ஆர். நிறுவனமே ஆயுதமில்லாச் சண்டைக்கு மாற்று முறைகளை அச்சிட்டது. முன்னது சரிப்பட்டு வரவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அன்றைய டி.எம்.கள் எப்படித்தான் சமாளித்தார்கள்? பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். ஆயுதம் கவசம் பார்க்கும் கணக்கைப் பல மேசைகள் தொட்டதே இல்லை, கைகாக்ஸே தன் வீட்டு மேசையில் அதைப் பயன்படுத்தவில்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். விடமுடியாததை அட்டையில் எழுதிக் கண்ணெதிரே நிறுத்தினார்கள். இல்லினாய் மாநிலத்தின் ஜட்ஜஸ் கில்டு நிறுவனம் 1977இல் முக்கிய அட்டவணைகளை மடக்கு அட்டையில் அச்சிட்டு விற்றது, 1979இல் டி.எஸ்.ஆரும் தன் பெயரில் ஒன்று போட்டது. வரைபடத்தையும் பகடையையும் ஆடுபவர் கண்ணிலிருந்து மறைக்கும் அந்தத் தடுப்பின் உள்பக்கம் டி.எம்.மின் இரண்டாவது மூளை. கட்டம் போட்ட தாள், சிறு அட்டைகள், பென்சில் கோடுகள். சந்தேகம் தீராவிட்டால் டிராகன் பத்திரிகையின் கேள்வி-பதில் பகுதிக்குக் கடிதம் போட வேண்டும். பதில் வரும்போது அந்தக் கொள்ளையனை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

அதனால்தான் அப்போது ஒரு நல்ல பழக்கம் வேர்விட்டது. டி.எம். அந்த இடத்திலேயே ஒரு தீர்ப்புச் சொல்வார், ஆட்டம் நகரும். தீர்ப்பு நியாயமாக இருந்தால் அது அந்த மேசையின் விதியாகிவிடும், ஒரு நோட்டில் ஏறிவிடும். அந்த நோட்டுகளின் மதிப்பை அச்சுப் புத்தகங்களைவிடக் குறைத்து எடைபோட எனக்கு மனம் வரவில்லை.

1989இல் வந்த இரண்டாம் பதிப்பு தாக்குதல் அட்டவணைகளை ஒரே எண்ணாகச் சுருக்கியது. தாக்கோ என்று அதற்குப் பெயர். கவச எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும் என்ற தலைகீழ்க் கணக்கு அப்படியே இருந்ததால் கழித்தல் போட்டுப் பார்க்கிற தொல்லை தீரவில்லை. 1997இல் டி.எஸ்.ஆரை விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. ஜொனாதன் ட்வீட், மாண்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் ஆகியோர் வடிவமைத்த மூன்றாம் பதிப்பு 2000இல் வந்தது. 20 பக்கப் பகடையை உருட்டு, கூட்டவேண்டியதைக் கூட்டு, இலக்கை எட்டினாலோ தாண்டினாலோ வெற்றி. வாள் வீச்சு, பூட்டுத் திறப்பு, விஷத்திலிருந்து தப்புவது எல்லாவற்றுக்கும் இதே முறைதான். கவச எண்ணும் நிமிர்ந்துகொண்டது, அதிகம் என்றால் அதிகம். இவ்வளவு காலம் இது யாருக்கும் தோன்றவில்லையே என்று வியக்கும் அளவுக்கு எளிமை. முக்கிய விதிகளை எவரும் எடுத்தாளலாம் என்று பொது உரிமமும் கொடுத்தார்கள். ஆடுபவரும் டி.எம்.மும் ஒரே விதியைப் படித்துவிட்டு மேசைக்கு வந்தார்கள்.

சிக்கல் குறைந்ததா என்றால், இடம் மாறியது. அடிப்படை ஒன்றானதும் அதன்மேல் விதிவிலக்குகளை அடுக்குவது சுலபமாயிற்று. மல்லுக்கட்டையே பாருங்கள். பிடிக்கப் போகிறவன்மேல் எதிரிக்கு முதலில் ஓர் இலவச அடி, அது பட்டுக் காயமானால் முயற்சி வீண். தப்பினால் தொட்டுவிட்டாரா என்று ஒரு பகடை. தொட்டால் இருவரும் எதிரெதிர் உருட்டல், உருவ அளவு ஒரு படி மாறினால் நாலு கூட்டல் அல்லது கழித்தல். வென்றபின் எதிரியின் கட்டத்துக்குள் நகர வேண்டும். அதன் பிறகு பிடிக்குள் இருப்பவர் என்னென்ன செய்யலாம், செய்யக் கூடாது என்று தனிப் பட்டியல். இதை விளக்க வடிவமைப்பாளர் ஸ்கிப் வில்லியம்ஸே தனியாகப் பல பகுதிகளில் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. 1979இன் மல்லுக்கட்டில் டி.எம். தனியாகத் திண்டாடினார். 2000இன் மல்லுக்கட்டில் மேசையே சேர்ந்து வாதாடியது. விதி தெரிந்த ஆடுபவர் டி.எம்.மைத் திருத்தத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான் பரவலாயிற்று. தீர்ப்புச் சொல்லும் தைரியம் பலரிடம் குறைந்துபோனது. புத்தகத்தில் எங்கோ பதில் இருக்கிறது, தேடினால் கிடைக்கும் என்ற நம்பிக்கை தேடவே வைத்தது.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு அந்தச் சுமையை நன்றாகவே இறக்கியது. சிறு சிறு கூட்டல் கழித்தலில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, நிலைமை சாதகமென்றால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடு, பாதகமென்றால் சிறியதை எடு என்றார்கள். மல்லுக்கட்டு ஒரே எதிரெதிர் உருட்டலானது. 2024இல் திருத்திய பதிப்பில் அதுவும் சுருங்கியது. பிடிப்பவரின் வலிமையிலிருந்து ஓர் இலக்கு எண் வரும், பிடிபடுபவர் ஒருமுறை உருட்டித் தப்பப் பார்ப்பார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, அந்தச் சிற்றிதழ் விளக்கத்தின் அளவுக்கே அது வந்து நிற்கிறது. கூடவே ஆடுபவர் புத்தகத்தின் கடைசியில் விதிச் சொற்களுக்கு ஓர் அகரவரிசையும் சேர்த்தார்கள். ஆடுபவரே தேடிப் படிக்கலாம் என்பதால் டி.எம்.முக்கு மிச்சமாகும் மூச்சு கொஞ்சமல்ல.

இன்றைய மேசையின் பெரிய மாற்றம் புத்தகத்துக்கு வெளியே நடந்தது. 2012இல் ரோல்20, 2017இல் டி அண்ட் டி பியாண்ட், 2020இல் ஃபவுண்ட்ரி என்று மென்பொருள்கள் வந்தன. பெருந்தொற்றுக் காலத்தில் மேசையே திரைக்குள் போனது. பகடை, கூட்டல், யார் முந்துவது, எந்த மந்திரம் இன்னும் மிச்சம், எல்லாம் திரை பார்த்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் பத்து நாணயம் ஒரு பவுண்டு என்று புதையலை எடைபோட்டு, சுமை கூடினால் நடை குறையும் என்று கணக்குப் போட வேண்டும், அலுத்துப்போய்ப் பலர் கைவிட்டார்கள். இப்போது பொருளைச் சேர்த்த கணமே எடை தெரிந்துவிடுகிறது. மனக்கணக்கில் தடுமாறுகிறவர்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர்கள் கூச்சமில்லாமல் ஆட முடிகிறது. இது பெரிய நன்மை. இதைக் குறைத்துப் பேசுகிற பழைய ஆட்டக்காரர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. தன் தாக்குதலுக்கு ஏழு ஏன் கூடுகிறது என்று தெரியாமலே மாதக்கணக்கில் ஆடுபவர்கள் இப்போது உண்டு. விதி மறுபடி ரகசியமாகிவிட்டது, இம்முறை டி.எம்.முக்கும் சேர்த்து. மேசை ஒரு வீட்டு விதி வகுத்தால் நோட்டில் ஒரு வரி எழுதினால் போதாது, மென்பொருளை இணங்க வைக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் இது வெளிச்சத்துக்கே வந்தது. பாத்திரத் தாள்களில் உள்ள பழைய மந்திரங்களுக்குப் பதிலாகப் புதிய பதிப்பின் மந்திரங்கள் ஏறும், பழையது வேண்டுமென்றால் நீங்களே உள்ளிட்டுக்கொள்ளுங்கள் என்று டி அண்ட் டி பியாண்ட் அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளில் பின்வாங்கியது. அலமாரியில் இருக்கும் 1979 புத்தகத்தின் விதியை யாராலும் ராத்திரியோடு ராத்திரியாக மாற்ற முடியாது.

கணக்கைத் திரைக்குக் கொடுக்காமல் மேசைக்குக் கொடுத்தவர்களிடம்தான் என் மனம் சாய்கிறது. பழைய விதிப்படி நிலவறையில் ஒரு பந்தம் ஆறு 'திருப்பம்' எரியும், திருப்பம் என்பது கதைக்குள் பத்து நிமிடம். டி.எம். கோடு போட்டுக்கொண்டே வர வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் கோடு மறந்துபோகும், பந்தம் முடிவில்லாமல் எரியும். கெல்சி டியான் 2023இல் வெளியிட்ட ஷேடோடார்க் ஆட்டத்தில் பந்தம் நிஜமான ஒரு மணி நேரம் எரியும். மேசைமேல் ஒரு கடிகாரம் வைத்தால் முடிந்தது. டி.எம். எதையும் நினைவில் வைக்க வேண்டாம். ஆடுபவர்களே கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அவசரப்படுவார்கள், வெட்டிப் பேச்சு குறையும், இருட்டின் பயம் தானாக வரும். மவுஸ்ரிட்டர் என்ற ஆட்டத்தில் சுமை என்பது பாத்திரத் தாளில் உள்ள கட்டங்கள். பொருளை ஒரு சிறு அட்டைத் துண்டாக வெட்டிக் கட்டத்தில் வைக்க வேண்டும், இடமில்லை என்றால் எதையாவது கீழே போட வேண்டும். கூட்டல் எங்கேயும் இல்லை. கண்ணால் பார்த்தால் தெரிகிறது. இவை விதியை எளிமையாக்கியதோடு நிற்கவில்லை, அதைச் சுமக்கும் ஆளையே மாற்றிவிட்டன.

அதே நோக்கம் பழக்கங்களிலும் பரவி வருகிறது. முந்தும் வரிசையை ஓர் ஆடுபவர் கவனித்துக்கொள்வார். விதி தேடும் வேலை இன்னொருவருக்கு, அவர் தேடி முடிக்கும்வரை டி.எம். சொன்ன தீர்ப்பே நிற்கும். மந்திரவாதியாக ஆடுபவர் தன் மந்திரங்களின் விதியைத் தானே வாசித்துச் சொல்வார். 1979இன் முன்னுரைக்கு நேர் எதிரான ஏற்பாடு இது. நான் பார்த்த மேசைகளில் இதனால் ஆட்டத்தின் மர்மம் கெட்டதில்லை. கொள்ளையன் யாருடைய ஆள் என்பது ரகசியமாக இருந்தால் போதும், அவனைப் பிடிக்க எத்தனை உருட்ட வேண்டும் என்பது ரகசியமாக இருந்து யாருக்கு என்ன லாபம்?

ஒரு விஷயத்தில் மட்டும் அன்றைய ஏற்பாடே மேல். 1980களின் தொடக்கத்தில், புதியவர்களுக்கென டி.எஸ்.ஆர். விற்ற அடிப்படைப் பெட்டியோடு வந்த 'கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ்' என்ற சாகசப் புத்தகத்தில், குகையில் பூதம் இருக்கிறது என்று சொல்லும் அதே பத்தியிலேயே அதன் கவச எண், உயிர்ப் புள்ளி, அடியின் பலம் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். வேறு புத்தகம் திறக்க வேண்டாம். இன்று விசார்ட்ஸ் வெளியிடும் தடித்த சாகசப் புத்தகங்களில் பூதத்தின் பெயர் மட்டும் தடித்த எழுத்தில் வரும், எண்களுக்கு இன்னொரு புத்தகத்துக்கோ திரைக்கோ போக வேண்டும். அறையின் ஆபத்து மூன்றாவது பத்தியின் நடுவில் ஒளிந்திருக்கும். டி.எம். முந்தின நாள் உட்கார்ந்து வண்ணப் பேனாவால் கோடு போட வேண்டும். 2019இல் ஓல்ட்-ஸ்கூல் எசென்ஷியல்ஸை வெளியிட்ட கேவின் நார்மன், ஒரு விஷயம் விரித்த இரண்டு பக்கத்துக்குள் முடிய வேண்டும், அறை வர்ணனை சிறு சிறு குறிப்புகளாக இருக்க வேண்டும் என்று வகுத்துக்கொண்டு அப்படியே செய்து காட்டினார். சிறு பதிப்பாளர்கள் பலர் அந்த வழியில் வந்துவிட்டார்கள். விதியை இவ்வளவு அக்கறையோடு சுருக்கிய பெரிய நிறுவனம், அந்த விதியைப் பயன்படுத்தப்போகும் புத்தகத்தின் பக்க அமைப்பில் அதே அக்கறையை இன்னும் காட்டவில்லை. புதிதாக ஆட்டம் நடத்த வருகிறவர் மிரண்டு பின்வாங்குவது இன்று அங்கேதான்.